சிறுத்தையின் பிள்ளைகளா? இகாலா மக்கள் எங்கிருந்து வந்தார்கள்?

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. யானைத் தந்தத்தில் செதுக்கியது. ஒரு சாண் உயரம்தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அதோடு கூடப் பிறந்ததைப் போலவே இன்னொன்று. பெனின் பேரரசின் ராஜமாதா இடியாவின் முகம் அது. 1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தை எரித்துச் சூறையாடியபோது அரண்மனையிலிருந்து அள்ளிக்கொண்டு போன பொருட்களில் இதுவும் ஒன்று. 1977-ல் லாகோஸில் ஆப்பிரிக்கக் கலைகளின் பெருவிழாவான ஃபெஸ்டாக் நடந்தபோது நைஜீரியா இந்த முகத்தைத்தான் சின்னமாக வைத்தது. விழாவுக்காவது இரவல் கொடுங்கள் என்று கேட்டும் லண்டன் கொடுக்கவில்லை. அதன் பிறகு உலகம் முழுக்க அந்த முகம் பிரபலமாகிவிட்டது.

இடியாவுக்கு ஏன் இத்தனை பெருமை? 1515-16 வாக்கில் தன் மகன் எசிகியே மன்னன் நடத்திய ஒரு பெரும்போரில், படை திரட்டியும் மந்திர பலம் சேர்த்தும் அவனை வெல்ல வைத்தவள் என்கிறது பெனின் மரபு. ராஜமாதா என்ற பதவியே அவளுக்காகத்தான் உருவாக்கப்பட்டது.

சரி, அந்தப் போரில் எதிரி யார்? இந்தக் கேள்வியை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவர்கள் கேட்பது குறைவு. எதிரியின் தலைநகரம் இடா. அதை ஆண்ட அரசரின் பட்டம் அட்டா. அவருடைய மக்கள் இகாலா. பெனின் போன்ற ஒரு பேரரசைத் தன் தலைநகரத்துக்காக அஞ்ச வைத்த அந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்டால், இன்றைக்கும் குறைந்தது நான்கு பதில் வரும். நான்கும் ஒன்றோடொன்று முட்டும்.

ஆறுகள் கூடுமிடம்

நைஜீரியாவின் வரைபடத்தை எடுத்தால் நடுவே ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போல இரண்டு பெரிய ஆறுகள் கூடுவது தெரியும். வடமேற்கிலிருந்து நைஜர், கிழக்கிலிருந்து பெனூவே. கூடும் இடம் லொகோஜா. இன்று கோகி மாநிலத்தின் தலைநகரம். அங்கிருந்து தெற்கே ஆற்றோடு சுமார் 75 கிலோமீட்டர் போனால், இடது கரையில் செம்பாறைக் குன்றின் மேல் இடா. எதிர்க்கரையில் அகெனெபோடே, எடோ மாநிலம். இரண்டு ஊருக்கும் நடுவே படகுதான் பாலம்.

இகாலா நாடு இந்தக் கூடுமுனைக்குக் கிழக்கே, இரண்டு ஆறுகளும் அணைக்கும் முக்கோணத்தில் இருக்கிறது. இடா, அங்க்பா, டெகினா ஆகியவை முக்கிய ஊர்கள். மேற்கே ஆற்றைத் தாண்டினால் எடோ மொழிக்காரர்கள், வடமேற்கில் எபிரா, மேலும் ஆற்றோடு மேலேறினால் நுப்பே, கிழக்கில் இடோமா, தெற்கில் நுசுக்கா பக்கத்து இக்போ. காட்டு நிலமும் புல்வெளி நிலமும் சந்திக்கும் விளிம்பு இது. தெற்கிலிருந்து உப்பும் பனை எண்ணெயும் மேலே போக, வடக்கிலிருந்து குதிரையும் துணியும் கீழே வரும். இக்போ நாட்டில் பட்டம் ஏற்கும் சடங்குக்கும் பெரியவர்களின் இறுதிச் சடங்குக்கும் குதிரை வேண்டும். அந்தக் குதிரைகளை ஓட்டி வந்து விற்றவர்கள் இகாலா வணிகர்கள். அடிமைகளும் இதே வழியில்தான் விற்கப்பட்டார்கள், அதை மறைப்பதற்கில்லை.

இப்படி ஒரு நாற்சந்தியில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கு ஒரே ஒரு பூர்வகதை இருந்தால்தான் ஆச்சரியம்.

சிறுத்தையும் அரசியும்

முதலில் இகாலா அரண்மனை சொல்லும் கதை. கிழக்கே பெனூவே ஆற்றுப் பக்கம் வுகாரியில் ஜூகுன் அரசர்கள் ஆண்டார்கள். அந்த அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி காட்டில் தனியாக அகப்பட்டுக்கொண்டாள். ஒரு சிறுத்தை அவளைக் கண்டது, கொல்லவில்லை. ஆண் உருவெடுத்து அவளோடு வாழ்ந்தது. பிறந்த பிள்ளை அபுட்டு எஜே. ‘எஜே’ என்றால் சிறுத்தை. அபுட்டு எஜே தன் கூட்டத்தோடு மேற்கே வந்தான். அவன் வழியில் வந்த எபுலேஜோனு இடாவில் முதல் அட்டா ஆனாள்.

ஆனாள் என்றுதான் சொல்ல வேண்டும். எபுலேஜோனு ஒரு பெண். பெண்ணாக இருந்து அரசரானவள் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஆண் வாரிசு இல்லாததால் அவள் அரியணை ஏறினாள் என்கிறது ஒரு வடிவம். அவளுக்குப் பிறகு அகெனாபோஜே, பிறகு இடோக்கோ, பிறகு இடோக்கோவின் மகன் அயேக்பா என்று பட்டியல் நீள்கிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இனிமேல்தான். அரச குடும்பம் வருவதற்கு முன்பே இடாவில் ஒன்பது குலங்கள் இருந்தன. நிலம் அவர்களுடையது. ‘இகாலா மேலா’, அதாவது இகாலா ஒன்பது, என்று அவர்களை அழைக்கிறார்கள். வந்தவர்களுக்கு அரியணை, இருந்தவர்களுக்கு மண்ணும், அரியணையில் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையும். இந்த ஒன்பது குலத்துக்கும் தலைவர் அச்சாடு.

முதல் அச்சாடு யார்? ஓமெப்பா என்ற இக்போ வேட்டைக்காரன் என்கிறது மரபு. காட்டில் பிடிபட்டு அரசியின் முன்னால் கொண்டுவரப்பட்டவன். அரசி எபுலேஜோனு அவன் மேல் ஆசைப்பட்டு அவனையே மணந்துகொண்டாள். அரசரின் கணவன் என்ற தகுதியில் அவனுக்குப் பெரும் பதவி கிடைத்தது. அன்றிலிருந்து, அரியணையில் ஆண் இருந்தாலும் சடங்கு முறையில் அட்டா மனைவி, அச்சாடு கணவர். புதிய அட்டா பட்டம் ஏற்கும்போது அவருக்குக் காது குத்துகிறார்கள், ஒரு பெண்ணுக்குக் குத்துவதுபோல. இந்தப் பட்டமேற்பு விழாவை ஆர்.எஸ். செட்டன் என்ற ஆங்கிலேயர் பார்த்து 1928-ல் பதிவு செய்திருக்கிறார்.

அரசர் வெளியூர்க்காரர். சரி. அந்த அரசருக்குக் கடிவாளம் போடும் மண்ணின் மைந்தர்களின் தலைவரும், கதைப்படி, வெளியூர்க்காரரே! கிழக்கிலிருந்து ஜூகுன் ரத்தம், தெற்கிலிருந்து இக்போ ரத்தம். இரண்டையும் ஒரு திருமணத்தில் முடிச்சுப் போட்டு, அந்தத் திருமணத்தையே அரசியல் சட்டமாக்கியிருக்கிறார்கள். இகாலா மரபுகளை ஆழமாக ஆராய்ந்த மானுடவியலாளர் ஜே.எஸ். பாஸ்டன், 1964-ல் இந்த வேட்டைக்காரன் பாத்திரத்தைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். 1968-ல் ‘இகாலா கிங்டம்’ நூலை வெளியிட்டார். இந்தக் கதைகளை நடந்த நிகழ்ச்சிகளின் நாட்குறிப்பாகப் படிப்பதைவிட, அரசருக்கும் நிலத்துக்கு உரியவர்களுக்கும் இடையே அதிகாரம் எப்படிப் பங்கு போடப்பட்டது என்பதன் விளக்கமாகப் படிப்பதே பொருத்தம் என்ற பார்வைக்கு அவருடைய எழுத்து வழி திறந்தது.

எண்ணிப் பார்த்தால் தெரியும்

கிழக்கிலிருந்து வந்ததாக அரண்மனை சொல்லட்டும். மக்களின் நாக்கு வேறு திசையைக் காட்டுகிறது.

இகாலா மொழியில் இரண்டு எஜி, மூன்று எட்டா, ஆறு எஃபா, எட்டு எஜோ. நைஜருக்கு மேற்கே கோடிக்கணக்கானவர்கள் பேசும் யொரூபாவிலும் கிட்டத்தட்ட அதே எண்கள்தான். யொரூபா, இட்செகிரி, இகாலா மூன்றும் ஒரு தாய் வயிற்று மொழிகள் என்பதில் மொழியியலாளர்களுக்குச் சந்தேகமில்லை. ஜூகுன் மொழி அந்தக் குடும்பத்தில் இல்லை. இகாலா மக்கள் மொத்தமாக வுகாரியிலிருந்து வந்திருந்தால் இப்படி இருக்க வாய்ப்பே இல்லை.

அப்படியானால் இகாலா யொரூபாவிலிருந்து பிரிந்து வந்த கூட்டமா? பலர் அப்படித்தான் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். யொரூபாக்களின் புனித நகரம் இஃபே; அங்கிருந்து இளவரசர்கள் நாலா திசையும் போய் அரசுகள் நிறுவினார்கள் என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் புகழ்பெற்ற கதை. இகாலாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியவில்லை. இபாதான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஆர்ம்ஸ்ட்ராங், இரு மொழிகளுக்கும் இடையே உள்ள சொல் விலகலை வைத்து, அவை பிரிந்து சுமார் 2,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டார். சொற்களை எண்ணிக் காலம் கணிக்கும் இந்த முறை துல்லியமானதல்ல. முன்னே பின்னே சில நூற்றாண்டுகள் தள்ளாடலாம். ஆனாலும் இஃபே நகரம் செழித்தது 11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையில்தான். கணக்கு எவ்வளவு தள்ளாடினாலும், இகாலா தனி வழி போனது இஃபேயின் பொற்காலத்துக்கு வெகுகாலம் முன்பே. பிள்ளை பிறந்த பிறகு தாய்க்குத் திருமணம் நடந்ததாகச் சொல்வதுபோல் ஆகிவிடும், இஃபேயிலிருந்து இகாலா வந்த கதை.

இதைவிடச் சுவையான ஒரு திருப்பமும் உண்டு. ஒரு மொழிக் குடும்பத்தின் பழைய கிளைகள் நெருக்கமாகக் கிடக்கும் இடமே அதன் பூர்வீகமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது மொழியியலில் பரவலாகப் பின்பற்றும் விதி. அந்த விதிப்படி பார்த்தால் கைகாட்டி நிற்பது இஃபே பக்கம் அல்ல, நைஜர்-பெனூவே கூடுமுனைப் பக்கம். மொழியியலாளர் அகின்குக்பே 1978-ல் இபாதானில் முடித்த ஒப்பாய்வு, யொரூபா வட்டார வழக்குகளையும் இட்செகிரியையும் இகாலாவையும் ஒலி ஒலியாக ஒப்பிட்டது. வரலாற்றாளர் ஆடே ஒபாயெமி, கூடுமுனையைச் சுற்றிய சிறு சிறு அரசுகளை, பெரிய நகரங்களின் தூரத்து எச்சங்களாகப் பார்க்காமல், தம்மளவில் பழமையானவையாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். இதன்படி, வீட்டை விட்டு மேற்கே போனவர்கள் யொரூபாக்களின் முன்னோர். வீட்டுப் பக்கத்திலேயே இருந்துவிட்டவர்கள் இகாலாக்கள். இஃபேயின் பெருமையில் வளர்ந்தவர்களுக்கு இது உவப்பான செய்தியாக இருக்காது. என் பார்வையில் இருக்கும் சான்றுகளில் வலுவானது இதுதான்.

பட்டியல் ஏன் குட்டையாக இருக்கிறது?

இப்போது 1515-க்குத் திரும்புவோம். (இங்கே பெனின் என்பது இன்றைய பெனின் குடியரசு அல்ல, நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் இருந்த பழைய அரசு.)

பெனின் மரபைத் தொகுத்து 1934-ல் நூலாக்கிய ஜேக்கப் எகாரெவ்பா, போருக்குக் காரணமாக ஒரு குடும்பச் சண்டையைச் சொல்கிறார். ஒலிஹா என்ற பெனின் பிரபு, தன் மனைவி இமாகுவேரோவின் கற்பைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினார். மன்னர் எசிகியே ஆள் வைத்து அது பொய் என்று நிரூபித்துவிட்டார். அவமானப்பட்ட ஒலிஹா, பழி தீர்க்க இடாவின் அட்டாவைப் பெனின் மேல் ஏவினார். இடாப் படை ஆற்றைக் கடந்து பெனின் நகருக்கு அருகே வரைக்கும் வந்துவிட்டது. எசிகியே புறப்பட்டபோது ஒரு பறவை தோல்வி என்று குறி சொன்னதாம். அதைக் கொல்லச் சொல்லிவிட்டு அவர் முன்னேறினார், வென்றார். குறி பொய்த்ததைக் கொண்டாட அந்தப் பறவையைப் பித்தளையில் வார்க்கச் செய்தார். பிரபுக்கள் அந்தப் பித்தளைப் பறவைகளைத் தட்டி ஒலியெழுப்பும் சடங்கு அரண்மனையில் நிலைத்தது.

மனைவி கதை கதையாக இருக்கட்டும். ஆற்று வணிகம் யார் கையில் என்பதே உண்மையான சண்டை என்று ஊகிக்க அதிகப் படிப்பு தேவையில்லை. போர் நடந்ததற்கு வெளிச் சான்றும் இருக்கிறது. 1516 அக்டோபர் 20 என்று தேதியிட்டு, துவார்த்தே பீரெஸ் என்ற போர்த்துக்கீசியர் தன் மன்னருக்கு எழுதிய கடிதம், பெனின் அரசர் போர்முனையில் இருந்ததையும் பாதிரிமார்கள் கூடவே போனதையும் சொல்கிறது. வரலாற்றாளர்கள் அதை இடாப் போராகவே அடையாளம் காண்கிறார்கள்.

இகாலா பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. அட்டாவின் மார்பில் தொங்கும் பித்தளை முகமூடி. எஜுபேஜாய்லோ என்று பெயர். பிற கண்களை அஞ்ச வைக்கும் கண் என்று பொருள். அதன் வார்ப்பு பெனின் பாணி, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலம் என்பது கலை வரலாற்றாளர்களின் கணிப்பு. பெனினிலிருந்து எப்படி வந்தது? சமாதானப் பரிசா, அதிகாரத்தை ஒப்புக்கொண்டதன் அடையாளமா? எப்படி வந்திருந்தாலும், எதிரியின் பட்டறையில் வார்த்த முகத்தை இகாலா அரசர் தன் அரசச் சின்னங்களில் முதன்மையானதாக்கிக்கொண்டார்.

இங்கேதான் அரண்மனைப் பட்டியல் இடறுகிறது. எபுலேஜோனு, அகெனாபோஜே, இடோக்கோ, அயேக்பா என்று நான்கே பேர். அயேக்பா ஜூகுன்களோடு போரிட்டவர். ஜூகுன்களின் குவாரராஃபா அரசு வடக்கே ஹவுசா நகரங்களைத் தாக்கிக் கொடிகட்டிப் பறந்தது 17-ஆம் நூற்றாண்டில். ஆகவே அயேக்பாவின் காலத்தை 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குக் கொண்டுபோகிறார்கள். அதிலிருந்து மூன்று தலைமுறை பின்னே போனால் 1600-ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆனால் 1515-லேயே பெனினை மிரட்டும் அளவுக்கு இடாவில் ஓர் அரசும் படையும் இருந்தது!

ஒன்று, நினைவு பல அரசர்களை விழுங்கிவிட்டது. அல்லது, இப்போதைய அரச குலத்துக்கு முன்னால் இடாவில் வேறொரு குலம் ஆண்டது. இடாவின் அரச குலத்தைப் பெனினோடு இணைக்கும் மரபுகளும் உண்டு; அவை அந்த முந்தைய அடுக்கின் மிச்சம். ஜூகுன் கதை பிந்தைய அடுக்கு. இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருந்துகிறது. முரண்படும் பூர்வகதைகளில் ஒன்று உண்மை, மற்றதெல்லாம் பொய் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் அப்போது இல்லாமல் போகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஆற்றோடு மேலே போன மகன்

இடா பழைய அரசு என்பதற்கு இன்னொரு சாட்சி வெளியூரில், நுப்பே மக்களிடம் இருக்கிறது. நுப்பே அரசை நிறுவியவராகச் சொல்லப்படும் சோயெடே, ஓர் அட்டாவின் மகன். வேட்டைக்கு வந்த இடத்தில் ஒரு நுப்பே பெண்ணோடு அட்டா பழகி, போகும்போது ஒரு மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பிறந்த மகன் பின்னாளில் திறை அடிமையாக இடாவுக்கு அனுப்பப்படுகிறான். மோதிரத்தைப் பார்த்து அப்பா அடையாளம் கண்டுகொள்கிறார். பாசம் பொழிகிறார், மற்ற மகன்களுக்குப் பொறாமை. சாகும் தறுவாயில் அட்டா அவனை ஓடிவிடச் சொல்லி, ஒரு வெண்கலப் படகு, பன்னிரண்டு நுப்பே அடிமைகள், நீண்ட ஊதுகுழல்கள், மணி கட்டிய முரசுகள், கனத்த இரும்புச் சங்கிலிகள் கொடுத்து அனுப்புகிறார். சோயெடே ஆற்றோடு மேலேறிப் போய் நுப்பே நாட்டை ஒன்றாக்குகிறார். எஸ்.எஃப். நாடெல் 1942-ல் வெளியிட்ட ‘பிளாக் பைசான்டியம்’ நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது.

சோயெடே கொண்டுவந்தவை என்று நுப்பே மக்கள் காட்டிய சிலைகள் ஜெப்பா, டாடா ஊர்களில் இருந்தன. டாடாவில் உட்கார்ந்த நிலையில் இருக்கும் செம்பு மனிதர் ஒருவர் உண்டு. ஊர் செழிக்க வேண்டுமென்று வெள்ளிதோறும் ஆற்றுக்குக் கொண்டுபோய் மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். அறிவியல் காலக்கணிப்பு அவரை 14-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது, பாணி இஃபே. சோயெடேயின் காலத்துக்கு இது முந்தியது. ஆக, எல்லாவற்றையும் அவர் படகில் ஏற்ற முடியாது. வில்லியம் ஃபாக் என்ற கலை அறிஞர், இஃபே, பெனின் என்று பெயர் ஒட்ட முடியாத மற்ற வார்ப்புகளுக்காகக் கீழ் நைஜர் வெண்கலத் தொழில் என்ற தனித் தலைப்பையே ஏற்படுத்தினார். அந்தத் தொழிலுக்கு இடா ஒரு மையமாக இருந்திருக்கலாம் என்ற கருத்து ஆய்வுலகில் நெடுநாளாக உலவுகிறது.

இனிக்பியின் கரை

இகாலா மக்களிடம் வரலாறு கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது மேலே சொன்ன எதையும் அல்ல. இனிக்பியைச் சொல்வார்கள்.

அயேக்பா ஆண்டபோது ஜூகுன் படை இடாவை நோக்கி வந்தது. திறை கட்டுவதை நிறுத்தியதால் வந்த போர் என்பது பொதுவான வடிவம். பெனின் போரோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு. அரசர் குறி கேட்டார். நீ மிக நேசிப்பதைப் பலி கொடுத்தால் நாடு பிழைக்கும் என்று வந்தது. அரசர் மிக நேசித்தது மகள் இனிக்பியை. அவர் வாய் திறக்கவில்லை. மனம் ஒடிந்து கிடந்தார். விஷயம் தெரிந்த மகளே முன்வந்தாள். நைஜர் கரையில், ஏகா படகுத்துறையில், பணியாட்களோடு உயிரோடு புதைக்கப்பட்டாள்.

அடுத்து, இடாவுக்கு அருகே ஓடும் இனாச்சலோ ஓடையில் மந்திர மருந்து கலந்தார்கள். கரையில் தண்டு இறங்கியிருந்த ஜூகுன் வீரர்கள் செத்து மிதந்த மீன்களைச் சுட்டுத் தின்று மாண்டார்கள். மருந்து கலக்கும் யோசனை ஒரு முஸ்லிம் மௌல்வி சொன்னது என்கிறது மரபு. அதற்குப் பரிசாக அவருடைய ஆட்களுக்கு இடாவில் இடம் கிடைத்ததாம். இடாவில் இஸ்லாம் வேர்விட்ட கதையும் இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனிக்பிக்கு இன்று ஏகா சந்தைப் பக்கம் சிலை இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை விரும்பி வைக்கிறார்கள். மகளைப் புதைத்து நாட்டைக் காத்த கதையை வெறும் தியாகக் கதையாக மட்டும் படிக்க எனக்குத் தயக்கம் உண்டு. ஜூகுன் வம்சாவளியில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட அரச குடும்பம், அதே ஜூகுனின் நுகத்தடியை உதறிய தருணம் இது. தங்கள் ரத்தத்தையே இந்த மண்ணில் புதைத்த பிறகு, அவர்களை வந்தேறிகள் என்று யார் சொல்ல முடியும்? அயேக்பாவோடு வெளியூர் அரச குலம் இகாலா ஆகிவிட்டது. பிற்கால அட்டாக்கள் எல்லோரும் அயேக்பாவின் சந்ததி என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அமேயாச்சோ, அகோக்வு, அகுமாபி, ஒச்சோலி என்ற நான்கு கிளைகளுக்குள்ளேயே அரியணை முறை வைத்துச் சுழல்கிறது.

அயேக்பாவுக்குப் பிந்தைய காலத்தில் இடாவின் செல்வாக்கு தெற்கே நுசுக்கா இக்போ ஊர்கள் வரை இறங்கியது. அந்தப் பக்கத்தில் பேசப்படும் பெயர் ஒனோஜா ஒபோனி. கைக்கு ஆறு விரல், காலுக்கு ஆறு விரல். வானத்தை எட்ட ஒரு கோபுரம் கட்டத் தொடங்கியவன் என்றெல்லாம் கதைகள். ஒகுருகு என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து அடிமை வேட்டை நடத்தியவன். இகாலா படையெடுத்து இக்போ ஊர்களை அடக்கி, தன் பூசாரிகளை அங்கே அமர்த்தியது என்று ஆஸ்டின் ஷெல்டன் 1971-ல் எழுதினார். அதை அப்படியே ஏற்காதவர்களும் உண்டு. எல்லைப்புறத்தில் கொள்வினையும் கொடுப்பினையும் இரண்டு பக்கமும் நடந்தன.

பேனா பிடித்தவர்கள் செய்த குழப்பம்

வாய்மொழியில் பல கதைகள் ஒன்றாக வாழ்ந்துகொண்டிருந்தபோது, எழுத வந்தவர்கள் அவற்றில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்கள். காலனி அதிகாரிகளுக்கு ஜூகுன் கதை மிகவும் பிடித்துப்போனது. காரணம் எளிது. அரசன் என்ற கருத்தே கறுப்பு ஆப்பிரிக்கர்களுக்குச் சொந்தமாகத் தோன்றியிருக்காது, வடகிழக்கிலிருந்து, எகிப்துப் பக்கமிருந்து வந்த உயர் இனம் கொண்டுவந்ததாகவே இருக்கும் என்பது அன்றைய அறிஞர்களின் நம்பிக்கை. செலிக்மன் 1930-ல் ‘ரேசஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ நூலில் இதைப் பாடமாகவே எழுதினார். ஜூகுன்களைப் பற்றி சி.கே. மீக் 1931-ல் எழுதிய நூல், அவர்களுடைய தெய்வீக அரசமுறையை எகிப்தோடு ஒப்பிட்டது. ஜூகுனிலிருந்து இகாலா என்று ஒரு கோடு கிழித்துவிட்டால், எகிப்திலிருந்து இடா வரைக்கும் ரயில் பாதை போட்டது மாதிரி ஆகிவிடும்.

அந்த இனக் கோட்பாடு கல்வி உலகில் செத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால் எகிப்திலிருந்து வந்தோம், மெக்காவிலிருந்து வந்தோம் என்று பெருமை பேசும் பழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவில் பல இனங்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது, இகாலாவும் விலக்கல்ல. சொந்த மண்ணில் 2,000 ஆண்டு வேரூன்றிய மொழியை வைத்துக்கொண்டு, வராத ஊருக்கு முகவரி தேடுவது எனக்கு விளங்காத விஷயம்.

ஐரோப்பியர் நேரில் வந்து பார்த்தபோது இடா இன்னும் ஆற்றின் அரசியாகவே இருந்தது. 1832-ல் பிரிட்டிஷ் வணிகர் மக்ரெகர் லேர்டின் நீராவிக் கப்பல்கள் வந்தன. 1841-ல் பிரிட்டிஷ் அரசே ஆல்பர்ட், வில்பர்ஃபோர்ஸ், சூடான் என்ற மூன்று கப்பல்களை அனுப்பியது. அடிமை வணிகத்தை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது நோக்கம். அட்டா ஒச்சேஜே அவர்களை வரவேற்றார். காலில் சின்னச் சின்ன மணிகள் கோத்த சிவப்புத் தோல் பூட்ஸ், பக்கத்தில் விசிறிக்காரர்கள். கூடுமுனைக்கு அருகே மாதிரிப் பண்ணைக்காக ஒரு நிலப்பகுதி 7 லட்சம் சோழிகளுக்குப் பேசி முடிக்கப்பட்டது. அந்தப் பயணத்தில் மொழிபெயர்ப்பு வேலையாக வந்த ஓர் இளைஞர் சாமுவேல் அஜாயி குரோதர், முன்னாள் அடிமை, யொரூபா. பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனவர். கப்பல்களில் காய்ச்சல் பரவி வெள்ளையர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், பண்ணையும் கைவிடப்பட்டது.

இனி யார் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகவே இருக்கிறது. இகாலா நாட்டுக்குத் தெற்கு எல்லையை ஒட்டிய நுசுக்கா பக்கத்து ஓபியில் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே இரும்பு உருக்கிய உலைகள் கண்டெடுக்கப்பட்டன. இஃபேயும் பெனினும் இக்போ-உக்வுவும் அகழ்ந்து பார்க்கப்பட்டு உலகப் புகழ் பெற்றன. இடாவின் குன்றுக்கு அந்த அளவு மண்வெட்டி இன்னும் கிடைக்கவில்லை. எந்த அரச குலம் எப்போது வந்தது என்ற வழக்கில் அரண்மனைகள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டன, மொழியும் சொல்லிவிட்டது. மிச்சம் மண்ணுக்கடியில்.

அதுவரை என் தீர்ப்பு இது: மக்கள் இந்தக் கூடுமுனையின் பழங்குடிகள், அரியணை மட்டும் பல முறை கைமாறியது. அதில் வெளியிலிருந்து வந்தவர்கள் ஏறியிருக்கலாம், அதைப் பெனின் பாணியில் அலங்கரித்திருக்கலாம், ஜூகுன் சடங்கால் புனிதப்படுத்தியிருக்கலாம். இடாவின் நடைமுறையும் இதைத்தான் காட்டுகிறது. அலியு ஒபாஜே 1956 முதல் 2012 வரை 56 ஆண்டுகள் அட்டாவாக இருந்து மறைந்தபோதும், அவருக்குப் பின் வந்தவர் 2021-ல் மறைந்தபோதும், அடுத்தவர் அயேக்பாவின் கிளைகளிலிருந்தே வந்தார். ஒன்பது குலத்தவர் அட்டா ஆக முடியாது. ஆனால் அச்சாடுவும் இகாலா மேலாவும் ஏற்காமல் வேறு யாரும் அட்டா ஆகவும் முடியாது. மாநில ஆளுநர் கொடுக்கும் செங்கோல் அதற்கு அப்புறம்தான் வரும்.